ஆளில்லாத வீடியோ

'கணீர் டீச்சர்' என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் பழைய பள்ளியின் வேன் டிரைவர். வீட்டில் அவள் கணவனைக் கூப்பிட்டால் எதிர்வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்ப்பார். அப்படியொரு தொண்டை. முன்பு வேலை பார்த்த பள்ளியில் அறுபது பிள்ளைகளை அந்தக் குரலை வைத்தே கட்டி மேய்த்தவள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான இந்தப் பள்ளிக்கு, பிரசவ விடுப்பில் போன ஒருத்திக்குப் பதிலாக வந்தாள். வந்த முதல் நாள், பழக்கதோஷத்தில் ஓர் அதட்டல் போட்டுவிட்டாள். மேசைக்கடியில் புகுந்த ஒரு பிள்ளை சாயங்காலம்வரை வெளியே வரவில்லை. வீட்டுக்குப் போய் அழுதாள். மறுநாளிலிருந்து பள்ளிக்குள் அவள் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். விடுப்பில் போனவள் திரும்பி வந்த பிறகும் இவள் அங்கேயே தங்கிவிட்டாள்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேரும் பிள்ளைக்கு, பள்ளி திறப்பதற்கு முன்பே ஒரு வீடியோ அனுப்புவார்கள். கேட், படிகள், வகுப்புக் கதவு, உட்காரப் போகும் நாற்காலி, டீச்சரின் முகம். முன்பே பார்த்த இடம் என்றால் பாதி பயம் போய்விடும். இந்த வருடம் வரப்போகும் ஏழு வயதுச் சிறுமிக்காக டீச்சர் விடுமுறையிலேயே பள்ளிக்குப் போய் நிதானமாக எடுத்தாள். கை நடுங்காமல் எடுத்ததற்குத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தச் சிறுமியை ஏற்கெனவே இரண்டு பள்ளிகள் திருப்பி அனுப்பியிருந்தன. இங்கேயும் தலைமையாசிரியை தயங்கினார். போன வருடம் வாசலைத் தாண்டாத ஒரு பிள்ளைக்காக ஓர் இடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தது. வெளியே காத்திருந்தவர்கள் காத்திருந்தபடியே இருந்தார்கள். அதனால் முதல் நாளே உள்ளே வந்தால் சரி, இல்லாவிட்டால் அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். நான் பொறுப்பு என்று டீச்சர் மார்தட்டிக்கொண்டு வந்தாள். மார்தட்டுவதற்கு என்ன செலவு?

பள்ளி திறந்தது. சிறுமி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு துள்ளாத குறையாக வந்தாள். கேட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். யாரோ கேட்டைத் திறந்தார்கள். அவ்வளவுதான். காதைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்து அலற ஆரம்பித்தாள்.

பின்னால் வேன் வந்து நின்றது. வழக்கமான இடத்தில் இறங்க முடியாததால் உள்ளே ஒரு பிள்ளை தலையால் ஜன்னலை இடிக்கத் தொடங்கியது. அதைப் பார்த்து இன்னொன்று கத்தியது. டிரைவர் ஹாரனில் கை படாமல் இருக்கக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் எல்லாப் பிள்ளைகளையும் தெருவிலேயே இறக்கி, சிறுமியைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே கூட்டிப் போனார்கள். மாடி ஜன்னலில் தலைமையாசிரியை நிற்பது டீச்சருக்குத் தெரிந்தது. அண்ணாந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

டீச்சர் தரையில் உட்கார்ந்து மெல்லிய குரலில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். கேட் இருக்கிறது, படி இருக்கிறது, டீச்சர் இருக்கிறேன். எதுவும் எடுபடவில்லை. சிறுமி தன் மணிக்கட்டைக் கடிக்கத் தொடங்கினாள். அம்மா அவசரமாகச் செல்போனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டுக் கொடுத்தாள். சிறுமி அதைப் பார்த்தாள், முற்றத்தைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். டீச்சரும் எட்டிப் பார்த்தாள்.

வீடியோவில் டீச்சரைத் தவிர ஈ காக்கை இல்லை. விடுமுறையில் எடுத்தது. முற்றத்திலோ பிள்ளைகளும், முதல் நாள் என்பதால் விட்டுப் போக மனமில்லாத பெற்றோர்களுமாக ஒரே கூட்டம். அத்தனையும் காட்டியவள் ஆட்களைக் காட்ட மறந்துவிட்டாள். டீச்சருக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"நாங்க கிளம்புறோம் டீச்சர்," என்றாள் அம்மா. "மத்த புள்ளைங்களுக்கும் தொந்தரவு. இவளுக்கு எங்கயும் ஒத்துவராது."

"உங்க பொண்ணு சரியாத்தான் இருக்கா. தப்பான பள்ளிக்கூடத்தக் காட்டினது நான்தான்."

அதற்குள் தலைமையாசிரியை இறங்கி வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும், எல்லாரையும் வகுப்புக்குள் அனுப்பி முற்றத்தைக் காலி செய்துவிடலாம், பிள்ளை தானாக நடந்து வந்துவிடும் என்றார். சுலபமான வழி. இடமும் கைவிட்டுப் போகாது. சரி என்ற சொல் டீச்சரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"வேணாம் மேடம். நாளைக்குக் காலையில மறுபடி கூட்டத்தப் பார்ப்பா. அப்புறம் நம்மள எப்பவுமே நம்ப மாட்டா."

"இன்னிக்கு வரலைன்னா நான் சொன்னது சொன்னதுதான். தெரியும்ல?"

தெரியும். பந்தயம் கட்டியது தன்னை அல்ல, அந்தப் பிள்ளையின் இடத்தை என்பதும் தெரியும். சிறுமி உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே டீச்சர் தன் போனில் புதிதாக ஒரு வீடியோ எடுத்தாள். ஓடுகிறவன், அழுகிறவள், பை மாட்டிய அப்பாக்கள், இரைச்சல், எல்லாம் அதில் இருந்தன. சத்தத்தைக் குறைத்துச் சிறுமியின் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சிறுமி பார்த்தாள். முடிந்ததும் மறுபடி போட்டாள். வெயில் ஏறியது. டீச்சருக்குக் கால் மரத்துப்போனது. தலைமையாசிரியை ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்; பார்த்ததை டீச்சரும் அம்மாவும் கவனித்தார்கள். அம்மா அழவில்லை, முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். சிறுமி மறுபடி போட்டாள். கொஞ்சம் சத்தம் கூட்டினாள்.

பிறகு எழுந்தாள். போனைக் கக்கத்தில் இடுக்கி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நடந்தாள். முற்றத்தின் நடுவில் ஓடி வந்த ஒரு பையன் அவளை உரசிக்கொண்டு போனான். நின்றாள். அவன் போன திசையைப் பார்த்துவிட்டு, படியேறி, வகுப்புக்குள் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவேயில்லை.

தலைமையாசிரியை, பேரை எழுதிடுங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. புடவையைத் தட்டிவிட்டு எழுந்தாள். அம்மா நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"நீங்க கிளம்புங்கம்மா. மூணு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போங்க."

அம்மா தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"எங்க போறதுன்னு தெரியல டீச்சர். அவ பொறந்ததுலேருந்து நான் தனியா எங்கயும் போனதில்ல."