அண்ணனுக்கு மருந்து வைத்தது யார்

பிள்ளைகளே, அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காததால் பொதட்டூர்பேட்டைக்கும் திருத்தணிக்கும் கரி பஸ்தான் ஓடியது. வண்டியின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் அடுப்பு இருக்கும். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி, கைப்பிடியைச் சுற்றி விசிறினால் வாயு கிளம்பும், வண்டி நகரும். நான் அந்த பஸ்ஸில் கண்டக்டர். எட்டாவது வரை படித்தவனுக்கு அதுவே பெரிய உத்தியோகம். மேடு வந்தால் ஆண்களெல்லாம் இறங்கித் தள்ள வேண்டும். இறங்காதவனைப் பேசிப் பேசியே இறக்கிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

என் அண்ணன் அம்மையார்குப்பத்தில் இருந்தார். எங்களுக்குள் கிணற்றுத் தகராறு. இரண்டு வருஷமாக அவர் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. ஒரு நாள் காலையில் அவரே அண்ணியோடு வந்து நின்றார். திருத்தணி மலைக்குச் சாமி கும்பிடப் போகிறார்களாம், போகிற வழியில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார்களாம். உங்கள் அம்மா இருவருக்கும் களியும் கீரைக் குழம்பும் வைத்தாள். அண்ணனுக்கு மட்டும், மூடி வைத்திருந்த ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்து வந்து, களியின்மேல் எதையோ ஊற்றிவிட்டு அவசரமாக மூடிக்கொண்டு உள்ளே போனாள். நான் அதைப் பார்த்தேன். அண்ணியும் பார்த்தார்.

பிறகு இருவரும் என் பஸ்ஸிலேயே ஏறினார்கள். திருத்தணிக்கு இரண்டு மைல் இருக்கும்போது மேட்டில் வண்டி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கினார்கள். அண்ணன் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"நெஞ்சு ஒரு மாதிரியா கீதுடா" என்றார்.

வேலைக்குப் பயந்து சாக்குச் சொல்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. "கிணத்து சண்டையில இருந்த பலம் எங்க போச்சு? எறங்குண்ணா, எல்லாரும் பாக்கறாங்க" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். அவர் இறங்கித் தள்ளினார்.

இருபது அடிகூடப் போகவில்லை. ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. இடது கையைத் தோளிலிருந்து பிடித்துக்கொண்டார். தாடை வலிக்கிறது என்றார். அப்புறம் வாந்தி எடுத்தார்.

அண்ணி குனிந்து வாந்தியைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இன்னாத்த கலந்து போட்டா உன் பொண்டாட்டி?"

"மருந்து வெச்சிட்டாங்க" என்றாள் கீரைக்கூடைக்காரி ஒருத்தி.

ஆகாதவர்கள் சோற்றில் எதையோ கலந்துவிட்டார்கள், அது வயிற்றில் கட்டியாக ஒட்டிக்கொண்டு ஆளின் உயிரைக் குடிக்கிறது என்று அப்போது நம்பினார்கள். அதைத்தான் மருந்து வைப்பது என்பார்கள். அதை எடுப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். பச்சிலைச் சாற்றை ஊற்றி, குடல் புரள வாந்தி எடுக்க வைத்து, கடைசியில் ஒரு கட்டியைக் காட்டுவார்கள். வரப்பு வழியாக அரை மணி நேரம் நடந்தால் அப்படி ஒரு அம்மாள் இருப்பதாகக் கூடைக்காரி சொன்னாள். அண்ணி அண்ணனின் கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் அண்ணி" என்றேன்.

"ஆங், உனக்கு அதான் வசதி. ஊசி போட்டு ஒரேடியா முடிச்சுடுவாங்க, உம்பொண்டாட்டி பேரு வெளிய வராது."

நான் வாயை மூடிக்கொண்டேன். ஏன் தெரியுமா, பிள்ளைகளே? என் கண்ணுக்குள்ளும் அந்தக் கிண்ணம்தான் நின்றது. ஒருவேளை இருக்குமோ என்று நினைத்துவிட்டேன்.

டிரைவர் அரக்கோணத்து பாய். ஸ்டீயரிங்கை விட்டு இறங்கி வந்து அண்ணன் முகத்தைப் பார்த்தார். "யாரும் தூக்கி நிறுத்தாதீங்க. எங்க அத்தாவுக்கு, என்ன பெத்தவருக்கு, இதே வேர்வை, இதே கை வலி. வாயுன்னு சொல்லி கசாயம் குடுத்து, வூட்டுக்கும் தெருவுக்கும் நடக்க வெச்சோம். நடந்துகினு இருக்கும்போதே உழுந்தாரு, அவ்ளோதான்." என் பக்கம் திரும்பினார். "அவுருக்கு நீ தம்பி. நீ சொல்லு, எங்க போவணும்?"

அண்ணி என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். அண்ணனின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. "ஆஸ்பத்திரிக்கு" என்றேன்.

நாலு பேர் அவரை உட்கார்ந்த வாக்கிலேயே தூக்கி, சீட்டில் சாய்த்து வைத்தோம். வாந்தி எடுக்க வைக்கலாம் என்று கூடைக்காரி உப்புத் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்தாள். பாய் அதை வாங்கி ரோட்டில் கொட்டினார். மற்றவர்கள் தள்ள, நான் கை மரத்துப்போகும்வரை கைப்பிடியைச் சுற்றினேன். வண்டி மேட்டில் ஏறியது.

ஆஸ்பத்திரி டாக்டர் தெலுங்குக்காரர். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், நாடி பிடித்தார், ஓர் ஊசி போட்டார். சற்று நேரத்தில் அண்ணனுக்குக் கண் சொருகியது. அண்ணி ஓடிப்போய் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தார். மூச்சு வந்தது. அப்படியும் நம்பாமல் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி இன்னா பண்ணாரு?" என்று டாக்டர் கேட்டார்.

"சாப்ட்டாருங்க. இவங்க வூட்ல" என்றார் அண்ணி.

"அத கேக்கலமா. இது வயித்து சமாச்சாரம் இல்ல, இருதயம். பாரம் தூக்கினாரா? மேடு ஏறினாரா?"

அண்ணி என் பக்கம் திரும்பினார். எல்லோரையும் சந்தேகப்பட்டாகிவிட்டது. அண்ணி என்னையும் உங்கள் அம்மாவையும், நான் உங்கள் அம்மாவை, அதற்கு முன்னால் அண்ணனின் நெஞ்சு வலியையே. மிச்சம் இருந்தது ஒரே ஆள்தான்.

"பஸ்ஸ தள்ளினாருங்க" என்றேன்.

"நெஞ்சு வலியோடயா? யாரு தள்ளச் சொன்னது?"

"நான்தாங்க."

அண்ணன் ஒன்றரை மாதம் படுக்கையைவிட்டு இறங்கக்கூடாது என்றார் டாக்டர். அண்ணன் பிழைத்தார்.

அன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் அம்மாவிடம் கேட்டேன், அந்தக் கிண்ணத்தில் என்ன இருந்தது என்று. கேட்டிருக்கக்கூடாது. அவள் அதை எடுத்துவந்து என் மூக்கருகே நீட்டினாள். நெய் வாசனை. "பண்டிகைக்குன்னு வெச்சிருந்தது. புள்ளைங்க பாத்தா கேக்கும்னு மறைச்சி ஊத்தினேன். நீங்க இன்னா நெனச்சிக்கினு கேக்கறீங்க?" என்றாள்.

உங்களுக்கு இதை ஏன் எழுதுகிறேன் என்றால், யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேர்த்து உட்கார்ந்தால் நடக்கவிடாதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சாய்த்து உட்காரவைத்து, கிடைத்த வண்டியில் நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். யார் வீட்டில் சாப்பிட்டார் என்ற விசாரணை அப்புறம் இருக்கட்டும். வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், அதை மட்டும் சந்தேகப்படாதீர்கள்.

மறுவருஷம் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். உங்கள் அம்மா சட்டியிலிருந்து ஒரு கரண்டி குழம்பைத் தன் கையில் ஊற்றி, அவர்கள் எதிரிலேயே குடித்தாள். பிறகுதான் பரிமாறினாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். உங்கள் அம்மா அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தாள்.