பூஜையில் ஓய்ந்த பம்ப்

என் வீட்டு மாடியில் குடியிருக்கும் தங்கமாரி கடற்கரையில் பிறந்தவள் இல்லை. சங்கரன்கோவில் பக்கம், மழையே எப்போதாவது எட்டிப் பார்க்கும் ஊர். ஒரகடத்தில் செல்போன் பாகங்கள் பொருத்தும் கம்பெனியில் வேலை. கணவன் வனமாமலை இன்னொரு கம்பெனியில் மெஷின் மெயின்டனன்ஸ். இப்படிப்பட்டவள் படப்பையில் என் மாடி ஹாலில் கடலைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். நாலடிக் கண்ணாடித் தொட்டி, உப்புத் தண்ணீர், இரண்டு க்ளவுன் மீன், வெளிநாட்டுப் பண்ணையில் வளர்ந்த பவளங்கள். வாடகைக்கு விடும்போது எத்தனை பேர் என்று கேட்டேனே தவிர, கடல் உண்டா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இது அவளுடைய இரண்டாவது தொட்டி. முதல் தொட்டியில் பவளமெல்லாம் வெளுத்துச் செத்தபோது சோறு இறங்காமல் கிடந்தாள். "இதுவும் செத்தா தொட்டிய வித்துருதேன், அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்" என்று வனமாமலையிடம் சத்தியம் செய்துதான் இதைத் தொடங்கினாள்.

பவளம் தன் எலும்பைத் தானே கட்டிக்கொள்ளுமாம். அதற்கு வேண்டிய சரக்கு தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் அளவுக்கு ஆல்கலினிட்டி என்று பெயர். பவளம் எடுக்க எடுக்க அது குறையும். குறையாமல் எட்டிலேயே நிற்க, சோடாக் கரைசலை அவ்வப்போது சொட்டுவதற்கு ஒரு சின்ன பம்ப். இதெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதல்ல. அவள் கேட்காமலே சொல்லுவாள்.

ஆயுத பூஜை வந்தது. அவளுக்கு அந்த வாரம் முழுக்க ஓவர்டைம், அதனால் வீட்டுப் பூஜை வனமாமலை பொறுப்பு. பைக், மிக்சி, வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தான். தொட்டிக்குக் கீழிருந்த பம்புகளையும் விடவில்லை. பூஜை வைத்த கருவி மறுநாள்வரை ஓடக் கூடாது என்பது அவன் கணக்கு. தண்ணீரைச் சுழற்றும் பெரிய பம்பை நிறுத்தினால் மீன் செத்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும். அதனால் எப்போதாவது ஒருமுறை முனகும் அந்தச் சின்னதை மட்டும் அணைத்தான். மறுநாள் ஷிஃப்டுக்குக் கிளம்பிய அவசரத்தில் திரும்பப் போட மறந்துவிட்டான்.

சில நாள் கழித்து மாடியில் ஒரே கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தேன். பவளங்கள் நிறம் மங்கிச் சுருங்கிக் கிடந்தன. தண்ணீரைச் சோதித்திருந்தாள், எட்டில் நிற்க வேண்டிய அளவு ஐந்தரைக்கு இறங்கியிருந்தது. அவள் கையில் குங்குமப் பொட்டோடு அந்தச் சின்ன பம்ப்.

"ஏங்க, இத நீங்களா அணைச்சீய?"

"மெஷினுக்கும் ஒரு நாள் ஓய்வு வேணும்லா..."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இன்னாப்பா நீ, எங்க வூட்ல ஞாயித்துக்கெழம, கர்த்தரோட நாள்லகூட கிரைண்டர் ஓடிக்கினுதான் கீது!"

அவன் அடுப்படிக்கு ஓடினான். ஆப்பசோடாப் பாக்கெட்டை அப்படியே ஜக்கில் கொட்டிக் கலக்கிக்கொண்டு வந்தான். அவன் கம்பெனியில் லைன் நின்றால் அந்த நிமிஷமே ஓடவிட வேண்டும், இல்லையென்றால் சூப்பர்வைசர் தலைமேல் ஏறி நிற்பார். "ஒரே ஊத்து, எட்டுக்கு வந்துரும்" என்றான். தங்கமாரி பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஊத்துனீயன்னா இன்னைக்கே செத்துரும்! பட்டினி கெடந்தவனுக்கு எடுத்ததும் பிரியாணியா போடுவாவ? தெனம் கொஞ்சங் கொஞ்சமாத்தான் ஏத்தணும்."

அதன்பிறகு காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அவள் தினமும் அளந்து, கொஞ்சமாகக் கரைசல் விட்டுவிட்டு பஸ் ஏறுவாள். வனமாமலைதான் பாவம். எதைக் கண்டாலும் திருகிச் சரிசெய்து பழகியவனுக்கு இங்கே திருக ஒன்றுமில்லை. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தான். நானும் பவளங்களை ஜெபத்தில் சேர்த்துக்கொண்டேன். பாஸ்டரிடம் சொல்லவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அவன் படியில் தடதடவென்று இறங்கி வந்தான். "ஜாஸ்மின் அக்கா, விரிஞ்சிருச்சி! வந்து பாருங்க!" போய்ப் பார்த்தேன். எல்லாப் பவளமும் குட்டிக் குட்டி விரல்களை நீட்டி அசைந்துகொண்டிருந்தது. எனக்கே நெஞ்சு லேசாகிப் போனது. தங்கமாரியிடம் சொல்லலாம் என்றால் அவள் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. "நான் சொன்னா நம்ப மாட்டா, நீங்களும் வாங்க" என்று என்னையும் பஸ் நிற்கும் இடத்துக்கு இழுத்துப் போனான்.

கம்பெனி பஸ் வந்து நின்றது. படியில் காலை வைத்தவள் எங்களைப் பார்த்தாள். ஒரு நாளும் கூட்டிப்போக வராத புருஷனும், கூடவே வீட்டுக்காரம்மாவும். அவள் முகம் செத்துப் போனது. இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"எல்லாம் போயிருச்சா?"

 அவன் தலையை மட்டும் ஆட்டினான். இல்லை என்கிறானா, ஆமாம் என்கிறானா என்று தெரியவில்லை. நான்தான் கத்தினேன்: "அடியே, எல்லாம் பொழச்சிக்கிச்சி!"

டிபன் பையாலேயே அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அதே தோளில் முகத்தைப் புதைத்து, பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டமெல்லாம் பார்க்க, வாய்விட்டு அழுதாள்.

"அழாதட்டி. இனிமே செத்தாலும் பொழச்சாலும் தொட்டிய விக்க விடமாட்டேன்" என்றான் வனமாமலை.