சோழபுரத்தில் ஓர் ஆழ்கடல் பாடம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் வாத்தியார். இந்தப் பருவத்தில் ‘ஆழ்கடல் எண்ணெய், எரிவாயுப் பொறியியல்: ஓர் அறிமுகம்’ என்ற புதுப் பாடத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். கடலோடு என் உறவு திருச்செந்தூரில் முழங்காலளவோடு முடிந்தது. ஆகவே ஒரு மாதம் விழுந்து விழுந்து படித்தேன். படித்ததை உள்ளே வைத்திருக்கத்தான் முடியவில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம், எண்ணெய்க் கிணற்றின் வாய் கடலின் தரையில் இருக்கிறது, அதன்மேல் வால்வுகளை அடுக்கி வைப்பார்கள், அதற்குக் கிறிஸ்துமஸ் மரம் என்று பெயர் என்று ஆரம்பித்தேன். ராஜபாளையத்துக்கு டிக்கெட் எடுத்தவர் பாதி வழியிலேயே இறங்கிவிட்டார்.

அந்தக் காய்ச்சலோடுதான் ஒரு சனிக்கிழமை காலை சோழபுரம் போனேன். என் மனைவியின் அண்ணனுக்கு அங்கே இரண்டு ஏக்கர் மக்காச்சோளம். கதிர் பிடிக்கிற நேரத்தில் போர்வெல் மோட்டார் எரிந்து, நான்கு நாளாகத் தண்ணீர் இல்லை. இலையெல்லாம் சுருண்டு நின்றது. புது மோட்டார் வந்திருந்தது. ஒன்பது மணிக்கு ராகுகாலம். அதற்குள் இறக்க ஆரம்பித்துவிட வேண்டும் என்று மச்சான் பறந்தார்.

வ. புதுப்பட்டி மெக்கானிக் மோட்டார் ஒயரோடு கேபிளைச் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றி முடித்திருந்தார். சூடமும் ஏற்றியாயிற்று. நான் சும்மா நின்றிருக்கலாம்.

“மச்சான், கடலுக்கடியில அம்புட்டு ஆழத்துல ஆளு போய் ரிப்பேர் பாக்க முடியாது. ரோபோவத்தான் விடணும். அதனால எல்லாத்தையும் கரையிலயே மாட்டி, சோதிச்சிட்டுத்தான் இறக்குவாக.”

“இது சோழபுரம் மாப்ள. மணியப் பாருங்க.”

“மேல இருந்து கரண்ட், ஆயில், சிக்னல் எல்லாம் ஒரே கட்டாக் கீழ போவும். அதுக்குத் தொப்புள்கொடின்னே பேரு.”

மெக்கானிக் சிரித்தார். “அப்ப பிரசவம் யாரு சார் பாக்கா?”

அதற்குப் பதில் சொல்லித் தொலைத்தேன். பதில் உப்புநீர் அரிப்பு வரை நீண்டது. பைப் தூக்க வந்த இரண்டு பேரையும் வழிமறித்து, குச்சியால் தரையில் படம் வரைந்தேன். நிமிர்ந்தபோது ஒன்பது ஐந்து.

மச்சான் துண்டை உதறினார். “முடிஞ்சது. இனி பத்தரைக்குத்தான். சோளமும் உங்க கிளாஸ்ல உக்காந்து பாடம் கேக்கட்டும். எந்தங்கச்சி எப்படித்தான் காலந்தள்ளுதாளோ!”

ஒன்றரை மணி நேரம். உட்கார்ந்தால் சுருண்ட இலை கண்ணில் பட்டது. எழுந்தால் மச்சானின் முகம். வரப்பில் போனேன், வந்தேன், மறுபடி போனேன்.

மெக்கானிக்குக்கும் பொழுது போகவில்லை. “சார் சொன்ன கரைச் சோதனையத்தான் செஞ்சு பாப்பமே” என்று நக்கலாகச் சொல்லிக்கொண்டே, டேப் சுற்றிய இணைப்பை வாளித் தண்ணீரில் முக்கினார். மின்கசிவு பார்க்கும் மெக்கர் பெட்டியின் ஒரு ஒயரைக் கேபிள் நுனியிலும் மற்றதைத் தண்ணீரிலும் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினார். கசிவில்லை என்றால் முள் விழக்கூடாது. விழுந்தது, நேரே சைபருக்கு.

“இன்னொருக்கச் சுத்தும்வே” என்றார் மச்சான். மறுபடியும் சைபர்.

மெக்கானிக்கின் சிரிப்பு போய்விட்டது. “அவசரத்துல சுத்துனது அண்ணாச்சி.” அப்படியே இறக்கியிருந்தால் அத்தனை பைப்பையும் கழற்றி மேலே எடுக்க இன்னும் இரண்டு நாள். சோளம் தாங்கியிருக்காது.

“பாத்தீங்களா மாப்ள,” என்றார் மச்சான், “ராகுகாலம் காப்பாத்திருச்சு.”

பொறியியலுக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

இணைப்பைப் பிரித்து, புதிதாகச் சுற்றி, மறுபடி முக்கி, முள் விழவில்லை என்று ஆன பிறகே இறக்கினார்கள். சாயங்காலம் தண்ணீர் வந்தது. முதலில் சேறாக, பிறகு தெளிவாக. நான் பைப்பைப் பிடித்தபடி, எப்போது நிற்குமோ என்று நின்றிருந்தேன்.

மண்வெட்டியால் மடை திருப்பிக்கொண்டிருந்த மச்சான் திரும்பிப் பார்த்தார். “கைய எடுங்க மாப்ள. தண்ணி நின்னா நானே சொல்லுதேன்.”

எடுத்தேன். செத்த நேரத்தில் மறுபடி வைத்தேன்.