புறங்கைச் சூடு

அக்கா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்கும் நடப்பாள். ஆறு வருடம் ஊர் ஊராக அலைந்துவிட்டு நான் வீட்டுக்கு வந்த அன்று அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டுக்கும் கால்ல சக்கரம். ஒண்ணு உலகத்தைச் சுத்துது, ஒண்ணு வீட்டுக்குள்ளயே சுத்துது."

அக்கா பூச்சு மேஸ்திரி. பத்தொன்பது வயதில் கலவை சுமக்கப் போனவள். பூசுகிற ஆள் வராத ஒரு நாளில் அவருடைய கரண்டியை எடுத்துச் சுவரில் வைத்தவள், பிறகு அதைக் கீழே வைக்கவில்லை. வேலை வட்டாரத்தில் அவளுக்கு 'ஒரேதடவை' என்று பெயர். அவள் பூசிய இடத்தை யாரும் கொத்திச் சரிசெய்ய நேர்ந்ததில்லை. அதில் அவளுக்குத் தலைக்கனமும் உண்டு.

வீட்டில் இருப்புக் கொள்ளாத என்னைக் கலவை குழைக்க அழைத்துப் போனாள். வேலை ஒரு பழைய நூலகத்தில். கூரை விளிம்புக்குக் கீழே சுவரில் ஒன்பது பொந்துகள். அவற்றில் உழவாரன்கள் அடைந்திருந்தன: அரிவாள் போல வளைந்த இறக்கையுடைய கறுத்த பறவைகள். கால் விரல் நான்கும் முன்பக்கமே திரும்பியிருப்பதால் கம்பியிலோ கிளையிலோ அவற்றால் உட்கார முடியாது. ஒன்று சுவரைப் பற்றித் தொங்கும், இல்லையென்றால் பறக்கும். காற்றில் மிதந்து வரும் இறகையும் துரும்பையும் பறந்தபடியே பிடித்து, எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும்.

நூலகர் அம்மாவுக்கு அந்த அழகெல்லாம் தெரியவில்லை. வாசல் படியில் விழும் எச்சம்தான் தெரிந்தது. "எல்லாத்தையும் அடைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

பொந்தை அடைக்க அக்காவிடம் ஒரு முறை இருந்தது. முதலில் கையை உள்ளே விட்டுப் புறங்கையால் தொடுவாள். சிமெண்ட் அரித்து அரித்து அவள் உள்ளங்கை செருப்புத்தோல் ஆகிவிட்டது. சூடு தெரிவது புறங்கைக்கு மட்டும்தான். சூடாக இருந்தால் விட்டுவிடுவாள். சில்லென்று இருந்தால் அடைப்பாள். இருபது வருடமாக இந்தக் கணக்குத் தப்பியதில்லை.

அந்த வாரம் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் பிற்பகல் மழை ஓய்ந்தபோது வானத்தில் ஒரு பறவைகூட இல்லை. மறுநாள் நண்பகலுக்குள் சாரத்தைப் பிரித்து வேறு வேலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சாரக்காரர் நச்சரித்தார். அக்கா ஏறிக் கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். ஐந்து பொந்து காலி. நான்கில் குஞ்சுகள் அசைவில்லாமல், கூழாங்கல் போலக் குளிர்ந்து கிடந்தன.

"போயிடுச்சுடி எல்லாம். தாயும் விட்டுட்டுப் போயிடுச்சு."

"எடுத்துடலாமா?"

"எதுக்கு? அதுங்க வீடு, அங்கேயே இருக்கட்டும்."

ஒன்பதையும் அடைத்தாள். வீட்டில் அன்று வழக்கத்தைவிட அதிகமாக நடந்தாள்.

காலையில் வெயில். நாங்கள் தெரு திரும்புவதற்கு முன்பே கீச்சொலி கேட்டது. ஏழெட்டு உழவாரன்கள் சுவரை நோக்கிப் பாய்ந்து, புதுப் பூச்சில் நகம் பதித்து, வழுக்கி, வளைந்து, மறுபடி பாய்ந்தன. தொண்டை புடைத்திருந்தது. பிடித்த பூச்சிகளை உருண்டையாக்கித் தொண்டையில் வைத்துத்தான் அவை கொண்டுவரும்.

அக்கா அண்ணாந்தபடி நின்றாள். "செத்ததுக்கு யாராவது சாப்பாடு கொண்டு வருவாங்களா?"

சாரக்காரர் சாரத்தின் முதல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "கையை எடுங்கண்ணே!" என்றாள் அக்கா.

"என்ன ஒரேதடவை, ரெண்டாவது தடவையா?" என்று சிரித்தார்.

"ஆமா. சிரிச்சு முடிச்சுட்டு அந்த உளியைக் கொடுங்க."

தன் பூச்சைத் தானே கொத்தினாள். முதல் பொந்திலிருந்து ஒரு குஞ்சை எடுத்துப் புறங்கையில் வைத்தாள். சில்லென்றுதான் இருந்தது. அதைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே அணைத்துக்கொண்டே இரண்டாவதைக் கொத்தப் போனவள் திடீரென்று கத்தினாள்.

"ஐயோ, பிறாண்டுதுடி!"

காரணத்தை நான் பிறகு படித்தேன். மழையில் பறக்கும் பூச்சி கிடைக்காது. தாயும் தகப்பனும் மழையைச் சுற்றிக்கொண்டு வெகுதூரம் இரை தேடிப் போய்விடும். அதுவரை குஞ்சு தன் உடம்புச் சூட்டைத் தணித்து, மூச்சைக் குறைத்து, நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அக்காவின் புறங்கை பொய் சொல்லவில்லை. அது கண்டது குளிரை. சாவென்று எடுத்துக்கொண்டது அக்கா.

மூன்று கூடுகளில் குஞ்சுகள் அசைந்தன; அவற்றைத் திரும்ப உள்ளே வைத்தாள். நான்காவதில் இரண்டு குஞ்சுகள். ஒவ்வொன்றையும் கழுத்தில் வைத்துக் காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கீழே லாரி ஒலி எழுப்பியது. "மேஸ்திரியம்மா, அங்க எனக்காகப் பத்துப் பேர் நிக்கிறாங்க!" என்றார் சாரக்காரர். வேறு வழியின்றி இரண்டையும் கூட்டில் வைத்துவிட்டு இறங்கினாள். சாரம் போய்விட்டது. இனி அந்தப் பொந்துக்குக் கை எட்டாது.

நூலகர் அம்மா வெளியே வந்தார். "அடைச்சாச்சுன்னு சொன்னீங்களே?"

"தப்பா அடைச்சுட்டேன்மா. படியில எச்சம் விழாம வாசலுக்கு மேல ஒரு பலகை அடிச்சுத் தரேன். அதுங்க பறந்து போற வரைக்கும் தொட வேண்டாம்."

அவர் சுவரைப் பார்த்தார், அக்காவின் கழுத்திலிருந்த கீறலைப் பார்த்தார். "பலகை அகலமா இருக்கணும்" என்று சொல்லி உள்ளே போனார்.

அக்கா வாசலுக்கும் வேலிக்கும் நடந்தாள். மற்ற மூன்று பொந்துகளிலும் வரத்துப்போக்கு இருந்தது. நான்காவதன் முன் ஒரு பறவை இரண்டு முறை வந்து திரும்பியது.

"நீ பாருடி, என்னால முடியல" என்றாள். ஆனால் அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மூன்றாம் முறை அது புடைத்த தொண்டையோடு உள்ளே நுழைந்தது. வெகுநேரம் வெளியே வரவில்லை. அக்காவின் நடை வேலியோரம் நின்றுபோனது. பிறகு பொந்தின் விளிம்பில் ஒரு தலை தெரிந்தது; பறவை நழுவி, எங்கள் தலைக்கு மேலே தாழப் பறந்து போனது. தொண்டை தட்டையாக இருந்தது.

"இறக்கி வெச்சுட்டுப் போகுது" என்றேன்.

"ஒண்ணு வாய் திறந்திருக்கு. ஒண்ணாவது." கழுத்துக் கீறலைத் தடவிக்கொண்டாள். "டப்பாவை எடுடி, காலையிலேர்ந்து பட்டினி."

அண்ணாந்து நின்றபடியே சாப்பிட்டாள்.