ஜீப்புக்குக் கூரை வைக்க மனசில்லாதவர்

அந்தத் தெருவில் அவரைவிடப் பெரிய டிங்கர் கிடையாது. இதை அவரே சொல்லுவார். நசுங்கின கதவு, மடங்கின மட்கார்டு, முகமே போன பஸ் என்று எதைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் சுற்றி ஒரு நடை நடந்து, தட்டிப் பார்த்து, உச்சுக் கொட்டி, "யாரு கை வச்சது இதுல?" என்று கேட்பார். யாருமே கை வைக்காத வண்டியானாலும் அதைக் கேட்காமல் வேலையைத் தொடங்க மாட்டார். எவனோ கெடுத்ததைத் தான் வந்து காப்பாற்றியதாக இருக்க வேண்டும், அப்படி ஒரு கொள்கை. வண்டிக்காரர்களை மனுஷராக மதிக்கிற வழக்கமெல்லாம் அவரிடம் இல்லை. ஆனால் சொன்ன நாளில் வண்டி வெளியே வந்துவிடும். அதனால்தான் ஊர் அவருடைய வாயைப் பொறுத்துக்கொண்டது.

அப்பேர்ப்பட்டவருடைய பட்டறையில் ஒரு பழைய ஜீப் பன்னிரண்டு நாளாகக் கூரை நசுங்கியபடியே நின்றது. அதுவும் யாருடையது? சொந்தப் பெண்டாட்டியுடையது!

அவள் மலைக்கிராமங்களில் ஆடு மாடுகளுக்குத் தடுப்பூசி போடுகிறவள். ஊசியம்மா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஜீப்புக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. கண்ணாடியை ஏற்றினால் இறங்காது, இறக்கினால் ஏறாது. மேட்டில் மட்டும் முக்கி முனகிக்கொண்டு ஏறிவிடும். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஒரு திருப்பத்தில் மேலிருந்து உருண்ட பாறை, ஓட்டுகிறவர் இருக்கைக்கு நேர்மேலே வந்து விழுந்தது. அவள் குனிந்த தலை நிமிராமல் வண்டியை ஓட்டிக்கொண்டே பட்டறைக்கு வந்து சேர்ந்தாள். இறங்கி, "கூரை கொஞ்சம் அமுங்கிடுச்சுங்க" என்றாள். கொஞ்சமாம்!

அவளுடைய ஆபீசுக்கு இது நல்ல சாக்காகப் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி நல்ல நிலையில் பார்வைக்கு வரவேண்டும், வராவிட்டால் மலைச் சுற்று வேறு ஆளுக்கு, ஊசியம்மாவுக்கு மருந்துக் கிடங்கில் நாற்காலி என்று கடிதம் வந்தது. நாற்காலிக்கு மேலே ஃபேன் உண்டு என்று அதிகாரி பெரிய மனசு பண்ணித் தெரிவித்திருந்தார். பதினெட்டு வருஷம் மலையேறினவளைக் குப்பி எண்ண உட்கார வைப்பதற்குப் பதவி உயர்வு என்று பெயர். அவளுக்கு அதைப் படித்ததிலிருந்து ராத்தூக்கம் போய்விட்டது.

டிங்கருக்கோ அந்த ஃபேன் ரொம்பவே பிடித்துப்போயிற்று. வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

காரணம் இல்லாமல் இல்லை. வண்டி வந்த அன்றைக்கே அவள் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். தலை நுழையவில்லை. கழுத்தை மடக்கி, தாடை நெஞ்சில் இடிக்க இடிக்க எப்படியோ உட்கார்ந்தபோதுதான் கணக்குப் புரிந்தது. அவள் அவரைவிட ஒரு சாண் குள்ளம். கல்யாணமான நாள்முதல் அந்த ஒரு சாணைச் சொல்லித்தான் அவளைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருக்கிறார். அது இல்லாவிட்டால் அவள் இன்றைக்கு இல்லை. பட்டறையில் யாரும் இல்லை என்பதைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அந்தப் பெரிய டிங்கர் ஒரு பாட்டம் அழுது தீர்த்தார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, என்ன ஆனாலும் இந்தக் கூரை சீக்கிரம் சரியாகக் கூடாது என்று முடிவு கட்டினார்.

அதற்கப்புறம் பட்டறையில் நடந்ததெல்லாம் நாடகம். ஒரு நாள் பற்றவைக்கிற கேஸ் தீர்ந்துவிட்டது. மறுநாள் கேஸ் வந்தது, தோள் பிடித்துக்கொண்டது. தோள் சரியானதும் இந்தக் கனத்தில் தகடு எங்கேயும் கிடைக்கவில்லை. அவர் எங்கே போய்த் தேடினார் என்பது அவருக்கே தெரியாது.

நடுவில் அவருடைய மச்சினன் வந்து சேர்ந்தான். ஊசியம்மாவின் தம்பி. உலகத்தில் உள்ள எந்த வேலையையும் போனில் பார்த்தே கற்றுக்கொண்டவன், எதையும் செய்து பார்த்ததில்லை. "மாமா, இது ஒரு வேலையே இல்ல. கொதிக்கிற தண்ணிய ஊத்தி, ரப்பர் கப்பை ஒட்டி ஒரே இழுப்பு. டப்புனு வெளிய வந்துடும். வீடியோ இருக்கு பாருங்க" என்றான். தகடு கிழிந்து உள்ளே தொங்குகிறது, அதற்கு ரப்பர் கப்பு! வேறு நாளாக இருந்தால் சுத்தியலோடு தெருக்கோடி வரைக்கும் துரத்தியிருப்பார். அன்றைக்கோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அப்படியா மாப்பிள்ளை? போடு, முழுசாவே பாத்துடுவோம்" என்றார். மூன்று வீடியோ பார்த்தார்கள். வாசலில் நின்ற ஊசியம்மா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் தம்பி சொன்னதை அவர் காது கொடுத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை அவளே காயலான் கடைக்குப் போய், செத்துப்போன இன்னொரு ஜீப்பிலிருந்து முழுக் கூரையைக் கழற்றி வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள். ஒரு கீறல் இல்லை. தகடு கிடைக்கவில்லை என்ற சாக்கும் போயிற்று.

இனி அறுக்காமல் தப்ப முடியாது. புதன்கிழமை பழைய கூரையை ஓரத்தோடு அறுத்து எடுத்தார். மச்சினனும் ஒரு பக்கம் பிடிக்க, வந்த கூரையைத் தூக்கி வைத்தார். உட்காரவில்லை. ஒரு விரல் இடைவெளி. கதவைச் சாத்தினால் அது பாதியிலேயே நின்றது.

"அடிச்சட்டமே வளைஞ்சு போச்சு. பாறை விழுந்த வேகம் அப்படி. இனிமே ஆண்டவனே வந்தாலும் முடியாது" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அறிவித்தார்.

"விடுக்கா, கிடங்குல ஃபேன் இருக்குல்ல" என்று தம்பி தன் பங்குக்கு ஆறுதல் சொன்னான்.

ஊசியம்மா வண்டியைச் சுற்றி வந்தாள். கதவுத் தூண் இரண்டையும் பார்த்தாள். "தம்பி, நீ வீட்டுக்குப் போ" என்றாள். அவன் போனதும், "குறுக்குப் பட்டை எங்கங்க?" என்று கேட்டாள்.

கூரையை அறுக்கிறதுக்கு முன்னால் இரண்டு பக்கத் தூணுக்கும் நடுவே இரும்புப் பட்டை ஒன்றை வைத்துப் பற்றவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிடிமானம் போய்த் தூண்கள் ஆளுக்கொரு பக்கமாக விரிந்துவிடும். பட்டை வைக்காமல் அறுக்கிறவனெல்லாம் டிங்கரா என்று ஊரில் உள்ள மற்ற டிங்கர்களை அவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் வெளுத்து வாங்குவார். பரிமாறினவள் அவள்தானே?

"மறந்துட்டேன்."

"நீங்களா?"

"வயசாகுதில்ல?"

"கதை விடாதீங்க. என் தம்பி பேச்சை உக்காந்து கேட்டீங்களே, அன்னைக்கே எனக்குச் சந்தேகம்."

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஆமா, வேணும்னுதான் பண்ணேன். உன் சீட்டுல உக்காந்து பாத்தேன். இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்? நீ போகவேணாம். எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லையா?" அவள் சீறினாள். "கல்லு விழுந்ததும் அந்த இடத்துல எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? எப்படியாவது இவரு பட்டறை வரைக்கும் போயிட்டாப் போதும், அப்புறம் அவரு பாத்துக்குவாருன்னு தோணுச்சு. அதையே சொல்லிச் சொல்லித்தான் நாப்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்தேன். உங்களை நம்பி வந்தா, என் வண்டியையே கெடுத்து வச்சிருக்கீங்க."

அவர் தலை குனிந்தபடி எழுந்து சங்கிலியை எடுத்தார்.

வியாழக்கிழமை முழுக்கத் தூண்களுக்கு நடுவே சங்கிலியை மாட்டி, முடுக்கி முடுக்கி, நூல் நூலாக உள்ளே இழுத்தார். ஒவ்வொரு முடுக்குக்கும் கதவைச் சாத்திப் பார்த்தார். கூரை உட்கார்ந்ததும் ஓரம் முழுக்கப் பற்றவைத்தார். அவளைக் கேட்காமலே அவள் இருக்கைக்கு மேலே வளைத்த கனக் குழாய் இரண்டைக் குறுக்கே வைத்தார். யாரையும் திட்டவில்லை. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள், உடம்புக்கு ஏதும் முடியலையோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கு வண்டி தயார். கடைசியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது பாக்கி. உள்ளே ஒருவர் உட்கார்ந்து ஒழுகுகிறதா என்று பார்க்க, வெளியே ஒருவர் ஹோஸ் பிடிக்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. ஊசியம்மா ஆபீஸ் காகிதங்களோடு ஏறிக் கதவைச் சாத்தினாள். ஒரே சாத்தில் சாத்திக்கொண்டது.

தண்ணீர் கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து ஆயிற்று. அவர் ஓரத்தில் ஊற்றினார், நடுவில் ஊற்றினார், சுற்றிவந்து மறுபடி முதலிலிருந்து ஊற்றினார். ஒழுகாத கூரைக்கு எதற்கு இவ்வளவு தண்ணீர் என்று அவள் கேட்கவில்லை. கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, சாவியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். ஒன்பதே கால் ஆனபோது, பத்து மணிக்கு அவள் ஆபீசில் இருக்க வேண்டும் என்று அவரே போய்த் தண்ணீர்க் குழாயை மூடினார்.