சரளா டீச்சர் கேட்ட சொல்

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள். மலையடிவாரத்தில் காவடிக் கூட்டத்துக்குள் நின்றிருந்தபோது போன் வந்தது. சரளா டீச்சரின் கணவர். "சார், அவ போய்ட்டா சார்." பம்பைச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. "எங்க போனாங்க?" என்று கேட்டேன். இரண்டு முறை கேட்டேன். பாவம், அந்த மனிதர் இரண்டு முறையும் பதில் சொன்னார். நாற்பத்து நான்கு வயதில் மாரடைப்பு.

பதினொரு வருடம் ஒரே ஸ்டாஃப் ரூமில் இருந்தோம். அவர் விலங்கியல், நான் தமிழ். பாடநூல் தமிழ் அவருக்கு ஆகாது என்பது, கூட வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் தெரியும். "செல் விழுங்குதாம் சார். அதுக்கு ஏது வாய்?" என்று சண்டைக்கு வருவார். ஒரு மதியம் முந்தானையை இரு கையாலும் விரித்துப் பிடித்து, அதில் ஒரு நெல்லிக்காயைப் போடச் சொன்னார். துணி குழிந்தது. ஓரங்களைச் சேர்த்து முறுக்கினார். "இப்படித்தான் சார். செல்லோட தோலு உள்பக்கமா குழிஞ்சி, வெளியேர்ந்து வந்தத சுத்திக்கினு, பையா அறுந்து உள்ள போவுது. இதுக்கு ஒரு வார்த்த குடுங்க."

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவருடையது நெசவுக் குடும்பம். அவர்களில் பலருக்கு முழங்கையில் மஞ்சளாகக் கட்டி இருக்கும். தறியில் வந்த காய்ப்பு என்று பெருமையாகச் சொல்வார்கள். சம்பந்தம் பேசப் போனால் அதைப் பார்த்து "உழைக்கிற கை" என்பார்களாம். 'பாவா' என்று கூப்பிடும் அத்தை மகனைத்தான் டீச்சரும் கட்டினார். அவருக்கும் அதே கை. தறியில் உட்காராத மகள் தேவிக்கு ஆறு வயதில் அந்தக் கட்டி வந்தபோதுதான் ரத்தம் பார்த்தார்கள். கொழுப்பு. ரத்தத்தில் வரும் கொழுப்பைச் செல்லின் தோல் பிடித்துக்கொள்கிறது, ஆனால் பிடித்த இடத்தில் குழிய மாட்டேன் என்கிறது. உள்ளே போகாத கொழுப்பு இதயக் குழாயில் படிகிறது. டீச்சருக்குப் பாதிப் பழுது, கணவருக்குப் பாதிப் பழுது. இருவரிடமிருந்தும் வாங்கிய மகளுக்கு முழுதும்.

நெசவுத் தெருவுக்கென்று ஒரு நோட்டீஸ் எழுதினார். இது காய்ப்பு அல்ல, சொந்தத்தில் கட்டுமுன் ரத்தம் பாருங்கள் என்று. அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் இடம் விட்டு என்னிடம் தந்தார். நான் உட்குழிவு, உள்வாங்கல் என்று எட்டு மாதம் எழுதி எழுதி அடித்தேன். எனக்குச் சொல் அழகாக இருக்க வேண்டும், மடையன். "நல்ல வார்த்த வரட்டும்னு நீங்க உக்காந்துகினு இருங்க சார். ஆளுங்க இருக்க மாட்டாங்க" என்றார் ஒருநாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சாவு வீட்டில் வாய்க்கரிசிக்காக, தேவியிடம் அவள் அத்தை அரிசியை நீட்டி, "மடியில வாங்கிக்கோம்மா" என்றார். பதினான்கு வயதுப் பெண் துப்பட்டாவை விரித்தாள். அரிசி விழுந்து துணி குழிந்தது. மடி! செல் மடியில் வாங்கிக்கொள்கிறது. அந்தத் தெருவில் யாருக்கும் புரிகிற சொல். டீச்சர் அன்று முந்தானையில் காட்டியதும் அதுதான். நெல்லிக்காயைப் போட்ட எனக்குத்தான் தெரியவில்லை.

அத்தை அவள் முழங்கையைத் தடவினார். "தறிப் பக்கமே போவாத பொண்ணு, காய்ப்பப் பாரு. எங்க வம்சத்து கை." அழுகைக்கு நடுவிலும் அதில் பெருமை இருந்தது. அது காய்ப்பு அல்ல என்று சொல்ல வேண்டியவன் நான். தேவி என்னைப் பார்த்துவிட்டு முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். தனக்கு மருந்து பெரிதாகக் கேட்கவில்லை என்பதும் தெரியும்.

அந்த நோட்டீஸ் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. விட்ட இடத்தில் 'மடி' என்று எழுதிவிட்டேன். டீச்சரின் பென்சில் எழுத்தெல்லாம் மங்கிவிட்டது, அந்த ஒரு சொல்லின் மை மட்டும் புதிதாக இருக்கிறது.