தலைவர் பெயர் ஏழாம் அளவில்

ஒரு தொழிற்சங்கத் தலைவரின் பெயரை இணையத்தில் எந்த அளவில் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இலங்கை மலையகத்து ஹட்டனில் யாரும் சொல்ல வேண்டியதும் இல்லை. சுவரொட்டியில் எப்படியோ அப்படித்தான். பெயர் முதலில், பெயர் பெரிதாக, பெயர் சிவப்பாக. மிச்சமிருக்கும் இடத்தில் கோரிக்கை.

இந்த வழக்கத்தோடு 2006இல் மோத நேர்ந்தவர் நாகலெட்சுமி. உயர்தரப் பரீட்சையில் தேறியும் பல்கலைக்கழகத்துக்குச் சொற்பப் புள்ளி போதாமல், ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் சின்னராசா நடத்திய கொமினிகேஷனில் வேலைக்குச் சேர்ந்தவர். இரண்டு தொலைபேசிக் கூண்டு, ஒரு போட்டோக்கொப்பி மெஷின், ஒரு கலர்ப் பிரின்டர், ஒரு ஸ்கேனர், இணையம் வரும் மூன்று கணினி, இவ்வளவுதான் கடை. வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு அவர்களுடைய வீட்டார் சொல்லச் சொல்ல ஈமெயில் எழுதுவது நாகலெட்சுமியின் வேலை. வேலை நேரம் போக மிஞ்சிய நேரத்தில் அவர் இணையத்தில் ஒரு கருத்துக்களம் படித்தார்.

ஐரோப்பாவிலிருந்து நடந்த தமிழ்க் கருத்துக்களம் அது. அரசியல், கவிதை, சினிமா, சமையல், சோதிடம் என்று பகுதிகள் வரிசையாகப் போகும். எல்லாவற்றுக்கும் கீழே, நகைச்சுவைக்கும் அடுத்ததாக, தேயிலைத் தோட்டங்களின் மலையகம். எல்லாப் பகுதிக்காரரும் தேநீர் குடித்துக்கொண்டுதான் எழுதினார்கள். அந்தக் கடைசிப் பகுதிக்கு மட்டும் யாரும் இறங்கி வருவதில்லை.

களத்தில் எழுத்தைத் தடிப்பாக்கவும் நிறம் மாற்றவும் ஒரு முறை உண்டு. பிபி கோட் என்பார்கள். சதுர அடைப்புக்குள் ஓர் ஆங்கில எழுத்தோ சொல்லோ போட்டுத் திறக்க வேண்டும். முடிகிற இடத்தில் அதையே ஒரு சாய்கோட்டோடு போட்டு மூட வேண்டும். நாகலெட்சுமிக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அடுத்தவர் பதிவில் மேற்கோள் பொத்தானை அழுத்தினால், அவர் போட்ட அடைப்புகள் எல்லாம் உடுப்புக் களைந்ததுபோல் அப்படியே தெரியும். ஒரு மாதம் அழுத்தி அழுத்திப் பார்த்தே நிறம், அளவு, பட்டியல், மேற்கோள் பெட்டி, படம் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். எழுத்தின் அளவு ஒன்றில் தொடங்கி ஏழில் முடியும். சாதாரண எழுத்து இரண்டு.

இதெல்லாம் பொழுதுபோக்காகவே இருந்திருக்கும், மலை பிளக்காமல் இருந்திருந்தால்.

நாகலெட்சுமியின் வீடு மஸ்கெலியா போகும் வழியில் ஒரு தோட்டத்தின் கீழ்ப்பிரிவில். பன்னிரண்டு காம்பரா லயம், அதாவது ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு ஒற்றையறை வீடு. ஏழாவது காம்பராவில் தாய் வேலாயியோடு அவர் குடியிருந்தார். 2005 கார்த்திகை மழைக்குப் பிறகு லயத்துக்குப் பின்னால் மேட்டில் ஒரு விரிசல் கண்டது. முதலில் இரண்டு விரல் நுழைந்தது. தைக்கு உள்ளங்கை நுழைந்தது. நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். தோட்ட மேலாளரான துரை ஒரு மேசனை அனுப்பி விரிசலுக்குச் சீமெந்து பூச வைத்தார். மலைக்குச் சீமெந்து பூசிய முதல் நிர்வாகம் அதுவாகத்தான் இருக்கும். பூச்சுக்குப் பக்கத்திலேயே மலை இன்னொரு இடத்தில் வாயைத் திறந்தது. பிறகு கோயில் கமிட்டி கூடி, விரிசலின் தலைமாட்டில் ஒரு சூலம் நட்டுப் பூசை போட்டது. துரை உடனே பூசைக்கு அரைநாள் லீவு கொடுத்தார். வேறிடத்தில் வீடு கட்டித் தருவதைவிட அரைநாள் லீவு மலிவு என்பது சூலம் நட்டவர்களுக்குத் தோன்றவில்லை. வைகாசியில் மழைக்காலம் வரும். அதற்கு முன் லயத்திலுள்ள அறுபத்தொரு பேரை அங்கிருந்து எழுப்பியாக வேண்டும் என்பது தோன்றியது நாகலெட்சுமி ஒருவருக்குத்தான்.

பங்குனியில் அவர் தன் பெயரிலேயே களத்தில் பதிந்து, விரிசலைப் பற்றி எட்டு வரி எழுதினார். நான்கு நாள் கழித்து ஒரு பதில் வந்தது. பதிவுகளை வடிகட்டும் களத்தின் மட்டுறுத்தினர் றமணன் எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஒஸ்லோவாசி, மனிதாபிமானி. தனிநபர் முறைப்பாடுகளுக்குக் களம் பொறுப்பேற்க முடியாது, அமைப்பு ஒன்றின் பெயரில், கையொப்பமிட்ட கடிதத்தோடு வந்தால் அனுமதிக்கலாம் என்று தெரிவித்து மேற்கொண்டு யாரும் எழுத முடியாதபடி அந்தப் பதிவுத் திரியைப் பூட்டினார். மலை பிளந்திருப்பதைச் சொல்லவும் கடிதத்தலைப்பு வேண்டும்.

அமைப்பு என்றால் சங்கம். சங்கம் என்றால் அழகுமுத்து.

மாவட்டத் தலைவர் அழகுமுத்துவும் ஒரு காலத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு தூக்கியவர்தான். இப்போது வெள்ளைச் சட்டையின் மடிப்புக் கலையாமல் நடப்பார். விரிசல் விஷயத்தை அவர் துரையிடம் நட்பு ரீதியில் பேசியிருந்தார். நட்புக்கு எந்தப் பாதிப்பும் வரவில்லை. நாகலெட்சுமி போய், வெளிநாட்டுத் தமிழர் எல்லாரும் படிக்கிற இடம் இது, சங்கத்தின் பெயரில் எழுதலாம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. விரிசலுக்காக மலரவில்லை. அடுத்த நாளே கொமினிகேஷனுக்கு வந்து, சின்னராசா துடைத்துப் போட்ட கதிரையில் அமர்ந்து, எழுதிக் கொண்டுவந்த தாளை நீட்டினார். முதல் ஒன்பது வரி அவருடைய பட்டங்கள். பத்தாவது வரியில் பெயர். பதினான்காவது வரியில் விரிசல்.

"எம் பேரு எவ்வளவு பெரிசா வரும் பிள்ள?"

"ஏழு வரைக்கும் போடலாங்க ஐயா."

"எட்டு இல்லியா?"

"இல்லீங்க. வெள்ளக்காரன் ஏழோட நிப்பாட்டிட்டான்."

"சரி, ஏழே போடு. செவப்புல. நடுவுல."

சிவப்பு வேண்டாம் என்று நாகலெட்சுமி சொல்லிப் பார்த்தார். களத்தின் விதிப்படி சிவப்பு மட்டுறுத்தினரின் எச்சரிக்கைக்கு மட்டும் உரியது. பெரிய எழுத்து காதில் கத்துவதற்குச் சமம். அழகுமுத்துவுக்கு இது விளங்கவில்லை. முப்பது வருடமாக எல்லா மேடையிலும் அவர் கத்திக்கொண்டுதான் இருந்தார், ஒருவரும் விதி காட்டியதில்லை. சின்னராசா பின்னாலிருந்து கண்ணைக் காட்டினார். கடைக் கட்டடம் சங்கத்துக்காரர் ஒருவருடையது. நாகலெட்சுமி அடைப்புகளைத் திறந்தார், மூடினார், அனுப்பினார்.

றமணன் அன்றைக்கே அந்தப் பதிவை நகைச்சுவைப் பகுதிக்கு மாற்றினார். பட்டங்களோடு சேர்ந்து விரிசலும் அங்கே போயிற்று. பதினொரு பேர் வந்து மஞ்சள் மூஞ்சிப் பொம்மைகளைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பொம்மை தரையில் உருண்டு சிரித்தது.

அடுத்த கிழமை அழகுமுத்து வந்து திரையைப் பார்த்தார்.

"பதினோரு பேரா? பாத்தியா, எல்லாம் எவ்வளவு சந்தோசமா சிரிக்கிறாங்க."

நாகலெட்சுமி அவரைத் திருத்தவில்லை. திருத்தினால் இருக்கிற ஒரே கடிதத்தலைப்பும் போய்விடும்.

சித்திரைக் கடைசியில், மழைக்காலத்துக்கு முன்பே, இரண்டு நாள் மழை பெய்தது. வேலாயி மகளிடம் சொன்னார்: "மேட்டுல பெய்யிற தண்ணி எல்லாம் வெடிப்புக்குள்ள போவுது. கீழ எங்கயும் வெளிய வரக் காணோம்." நாற்பது வருடம் அந்த மேட்டில் கொழுந்து பறித்தவர். கண்டவரிடமெல்லாம் அவர் சொன்ன அந்த இரண்டு வாக்கியத்துக்கு, சூலம் நட்ட பூசாரி பதில் வைத்திருந்தார்: அம்மன் தண்ணீர் குடிக்கிறாளாம்.

நாகலெட்சுமி அளவுநாடாவை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனார். விரிசல் ஏழு அங்குலம்.

இரண்டாவது பதிவுக்கு அழகுமுத்துவைக் கூட்டி வருவது சிரமமாக இருக்கவில்லை. ரசிகர்கள் காத்திருக்கிறார்கள் என்றால் போதும். அவர் கடிதத்தில் கையொப்பமிட்டார், பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார், ஏழாம் அளவைத் தானே ஒரு தடவை உரக்கச் சொன்னார். நாகலெட்சுமி எல்லாம் அப்படியே தட்டினார். பிறகு முன்னோட்டப் பொத்தானை அழுத்தினார்.

அனுப்புமுன் பதிவு எப்படித் தெரியும் என்று காட்டுவது முன்னோட்டம். திரையில் மட்டும் தெரியும். அனுப்பும்வரை உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அழகுமுத்துவின் பெயர் திரையின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் சிவப்பாக நின்றது. அவர் எழுந்து நின்று பார்த்தார். நாகலெட்சுமி அதைக் கலர்ப் பிரின்ட் எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். தலைவர் அதைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினார்.

அவர் தலை மறைந்ததும் நாகலெட்சுமி திரும்ப உட்கார்ந்தார். அளவை எடுத்தார். நிறத்தை எடுத்தார். ஒன்பது வரிப் பட்டத்தையும் எடுத்தார். பட்டியல் அடைப்பைத் திறந்து ஒன்று முதல் பன்னிரண்டு வரை காம்பராக்களை வரிசையிட்டு, ஒவ்வொன்றிலும் யார், எத்தனை பேர், எத்தனை குழந்தை என்று எழுதினார். நிர்வாகத்தின் பதில் கடிதத்தை மேற்கோள் பெட்டிக்குள் சொல்லுக்குச் சொல் வைத்தார். சீமெந்து பற்றிய வாக்கியத்துக்கு அவர் ஒரு கருத்தும் சேர்க்கவில்லை, அதற்குத் தேவையும் இருக்கவில்லை. விரிசலுக்குள் வேலாயியின் கை முழங்கை வரை இறங்கியிருக்கும் படத்தைப் போட்டார். தண்ணீர் பற்றித் தாய் சொன்னதைத் தாய் சொன்னபடியே எழுதினார். முழுப் பதிவிலும் தடித்த எழுத்து ஒரே இடத்தில்: ஏழு அங்குலம். கடைசியில் கையொப்பமிட்ட கடிதத்தின் படம், அதன் கீழே சாதாரண எழுத்தில், அழகுமுத்து, மாவட்டத் தலைவர்.

றமணன் இந்தத் தடவை பதிவைக் களத்தின் உச்சியில் குத்தி வைத்தார். கூடவே ஓர் அறிவுரை: "தங்கச்சி, இதை முதலே இப்பிடி எழுதியிருக்கலாமே?"

நாகலெட்சுமி அவருடைய வாக்கியத்தை மேற்கோள் பெட்டியில் போட்டுக் கீழே எழுதினார்: "மொதல்லயும் வெடிப்பு இருந்துச்சுங்க அண்ணே. நீங்க கலரத்தான் பாத்தீங்க."

 மற்றவர்கள் நான்கு பக்கம் எழுதினார்கள். முதலிரண்டு பக்கமும் மலையகத் தமிழர் தமிழ்த் தேசியத்துக்குள் அடங்குவார்களா என்ற விவாதம். மூன்றாம் பக்கத்தில் ஒரு கவிதை. நான்காம் பக்கத்தில் மெல்பேர்னில் இருந்த லக்ஸ்மன் என்ற பொறியியலாளர் மூன்றே வரி எழுதினார்: உள்ளே போகும் தண்ணீர் வெளியே வராவிட்டால் மண் அதைச் சுமந்துகொண்டு நிற்கிறது என்று பொருள், அந்த அம்மாவின் பேச்சுத்தான் இங்கே இருக்கும் ஒரே தொழில்நுட்ப அறிக்கை, என்னோடு படித்தவர் கொழும்பில் மண்சரிவு ஆராயும் அலுவலகத்தில் இருக்கிறார், அவருக்கு இப்போதே போன் செய்கிறேன்.

ஆறாம் நாள் கொழும்பிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்து மேட்டைப் பார்த்தார்கள். அன்றைக்கே லயத்தைக் காலி செய்யச் சொல்லிச் சிங்களத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது. பன்னிரண்டு குடும்பங்களும் தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்கு மாற்றப்பட்டன, பெண்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அந்த ஒற்றை மண்டபத்துக்கு. அடுத்த மாதம், ஆள் எண்ணும் காலைப் பெரட்டு முடிந்து எல்லாரும் வேறு மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு நின்ற நேரம், மேடு இறங்கியது. ஐந்தாவதிலிருந்து பத்தாவது வரை ஆறு காம்பராக்கள் இருந்த இடம் தெரியவில்லை. முதலில் போனது சூலம். ஆள் ஒருவரும் சாகவில்லை. அம்மன் காப்பாற்றினாள் என்று கமிட்டி தீர்மானம் போட்டது.

அழகுமுத்துவின் மருமகன் ஒருவர் பாரிசில் இருந்தார். பாராட்டுவதற்காகத் திரியைத் தேடிப் படித்து, மாமாவின் பெயர் அடியில் பொடி எழுத்தில் கிடப்பதைப் போனில் சொல்லிவிட்டார். தலைவர் மாடிப்படி ஏறி வந்தார்.

"எம் பேரும் ஒங்கம்மா பேரும் ஒரே சைசுல போட்டிருக்கியாமே."

"ஆமாங்க ஐயா."

"வேலாயியும் நானும் ஒண்ணா?"

"இல்லீங்க. அம்மா பேரு பட்டியல்ல ஏழாவதா வருது. நீங்க அதுக்கும் கீழங்க."

சின்னராசா தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அடுத்த கிழமை நாகலெட்சுமிக்கு வேலை இல்லை. அந்தக் கலர்ப் பிரின்ட் மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சங்க அலுவலகத்தில் மாட்டப்பட்டது. இந்த ஓர் அறிக்கையால்தான் அறுபத்தொரு உயிர் தப்பியது என்று வருகிறவர்களுக்கெல்லாம் தலைவர் அதைக் காட்டுவார். அந்தத் தாளில் இருக்கும் பதிவு உலகத்தில் எங்கும் வெளியாகவில்லை. அதை வாசிக்கும் சிரமத்தை யாரும் எடுப்பதில்லை என்பதால் சங்கத்துக்கு இதனால் இழுக்கு ஒன்றுமில்லை.

நாகலெட்சுமி இப்போது நுவரெலியாவில் ஒரு மரக்கறி மொத்த வியாபாரியின் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறார். புதிய வீடு தருவதாகச் சொல்லப்பட்ட பன்னிரண்டு குடும்பங்களும், வேலாயி உட்பட, இன்னும் பிள்ளை மடுவத்தில்தான் இருக்கின்றன. சேலையைக் கட்டிப் பிரித்த பன்னிரண்டு பங்கு. பகலில் அதே மண்டபத்தில் தொட்டில்களும் தொங்குகின்றன.

சங்கத்தின் பெயரில் களத்தில் நுழைவதற்குக் கடவுச்சொல் ஒன்று உண்டு. தலைவர் நாகலெட்சுமியிடம் அதைக் கேட்டு வாங்கவில்லை. அப்படியொன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. மாதம் பிறந்தால் நாகலெட்சுமி நுவரெலியாவில் ஒரு கடையில் அமர்ந்து, அந்தப் பழைய பதிவைத் திறந்து, கடைசியில் ஒரு வரி சேர்க்கிறார். நிறமில்லை, தடிப்பில்லை, அளவு இரண்டு. ஒவ்வொரு மாதமும் அதே வரிதான், மாதத்தின் பெயர் மட்டும் மாறும்: இந்த மாதமும் பன்னிரண்டு குடும்பங்களும் பிள்ளை மடுவத்தில் இருக்கின்றன, எமது சங்கம் இதுவரை ஒன்றும் செய்யவில்லை. அதன் கீழே அழகுமுத்து, மாவட்டத் தலைவர்.

பதிவை யார் எத்தனை தடவை திருத்தினார்கள் என்பதைக் களம் தானாகவே அடியில் காட்டும். 2008 மார்கழியில் சங்கத்தின் பெயருக்கு நேரே அந்த எண்ணிக்கை முப்பதைத் தாண்டியிருந்தது.